தோல் சொன்ன கதை

வேலூரைப் பற்றி அந்த ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கும் பழைய பேச்சு ஒன்று உண்டு. ஆறு உண்டு, தண்ணீர் இல்லை. கோட்டை உண்டு, ராஜா இல்லை. கோயில் உண்டு, சாமி இல்லை என்பார்கள். மூன்றாவது குறை 1981-ஆம் வருஷம் தீர்ந்தது. கோட்டைக்குள் இருக்கும் கோயிலில் ஜலகண்டேசுவரர் மீண்டும் எழுந்தருளினார். ராஜா இல்லாத குறையைப் பற்றி இப்போது யாரும் கவலைப்படுவதில்லை. பாலாற்றின் கதையோ பெரிய கதை. தோல் தொழிற்சாலைகளின் கழிவைப் பற்றி சுப்ரீம் கோர்ட் 1996-ல் ஒரு புகழ்பெற்ற தீர்ப்பே அளித்திருக்கிறது. அதை இன்னொரு வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் நான் உங்களை அழைத்துப் போவது ஆற்றைப் பார்க்கவும் அல்ல, கோட்டையைப் பார்க்கவும் அல்ல. உங்கள் காலில் இருக்கும் செருப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்க! பயப்படாதீர்கள், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். காலிலேயே இருக்கட்டும்.

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் ரஸ்தாவில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாக ஊர்கள் வருகின்றன. சற்று ஒதுங்கிப் பேரணாம்பட்டு இருக்கிறது. தோல் பதனிடுவதும், தோலில் பூட்ஸும் பையும் செய்வதும் இந்தப் பிரதேசத்தின் ஜீவனம். 2019-ல் பழைய வேலூர் ஜில்லாவை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ராணிப்பேட்டை தனி மாவட்டம். ஜில்லாவைப் பிரித்தாலும் தொழிலைப் பிரிக்க முடியவில்லை.

நான் நேரே ஆம்பூருக்குப் போய்விட்டேன். அங்கிருந்து திரும்பும் வழியில் மற்றவற்றைப் பார்ப்பதாகத் திட்டம். அதாவது, கதையைக் கடைசி அத்தியாயத்திலிருந்து படிப்பது!

ஆம்பூர் என்றதும் உங்களில் பலருக்கு நாக்கில் நீர் ஊறும் என்று எனக்குத் தெரியும். சீரகச் சம்பா அரிசியில் செய்யும் பிரியாணிக்கு அந்த ஊர் அத்தனை பிரசித்தம். ஆனால் ஆம்பூருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த இரண்டு சரக்குகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பதை நாம் நினைப்பதில்லை. இறைச்சி அண்டாவுக்குப் போகிறது. தோல் தொழிற்சாலைக்குப் போகிறது. தோலுக்கென்றே ஆடு வளர்ப்பவர், மாடு வளர்ப்பவர் நம் நாட்டில் யாரும் இல்லை. பாலுக்கு வளர்க்கிறார்கள், உழவுக்கு வளர்க்கிறார்கள், எருவுக்கும் இறைச்சிக்கும் வளர்க்கிறார்கள். தோல் என்பது கடைசியில் மிஞ்சுவது.

ஊருக்கு வெளியே ஒரு தோல் கிடங்கு. உள்ளே நுழைந்ததும் மூக்கைப் பிடித்துக்கொள்ளத் தோன்றிய கையை மரியாதைக்காகச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். நாற்பது வருஷமாகத் தோல் தரம் பிரிக்கும் ஒரு பெரியவரிடம் என்னை அறிமுகம் செய்து வைத்தார்கள். வெள்ளைத் தாடி, வெள்ளைக் குல்லா, கைகளில் மட்டும் தொழிலின் கறை. பதனிட்ட தோல் ஒன்றை மேஜைமேல் விரித்தார். உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார்.

"இது ஏர் மாடு, தம்பி" என்றார்.

"எப்படிச் சொல்கிறீர்கள், பாய்?"

"இதோ கழுத்துப் பக்கம் பாருங்க. நுகத்தடி உரசி உரசிக் காய்ச்சுப் போயிருக்கு. இங்கே வாங்க, பின்னால. இந்தக் கோடு கோடா இருக்கே, அது தார்க்குச்சி. இந்த வட்டம் சூடு. காலை நொண்டியிருக்கும்; ஊர் வைத்தியர் இரும்பைக் காய்ச்சிப் போட்டிருப்பார். வயித்துப் பக்கம் ஊசி குத்தின மாதிரி பொடிப் பொடியா இருக்கா? அது உண்ணி. யாரும் எடுத்துவிடல்லே."

பிறகு விலாப் பக்கம் குறுக்கே ஓடிய ஒரு நீளக் கீறலின்மேல் விரலை வைத்தார். மற்றத் தழும்புகளெல்லாம் ஆறி மூடியிருந்தன. இது மட்டும் வாய் பிளந்தபடி இருந்தது.

"இது ஆறவே இல்லை. ஆறுவதற்கு நாள் இல்லை. லாரியிலே பக்கத்து மாட்டுக் கொம்பு கிழிச்சது. கடைசிப் பயணம்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "ஜாதகம் பார்ப்பது போல் சொல்கிறீர்களே!" என்றேன்.

"ஜாதகம் வரப்போறதைச் சொல்லும். இது நடந்ததைச் சொல்லும்" என்றார் பெரியவர்.

அவர் காட்டிய இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். தழும்பில்லாத தோலுக்கு மேல்பூச்சே தேவையில்லை. அதன் இயற்கையான மேல்பரப்பை அப்படியே விட்டு மெருகேற்றினால் போதும். உயர்ந்த பூட்ஸாகவும் கைப்பையாகவும் ஆகி நல்ல விலைக்குப் போகிறது. தழும்புள்ள தோலை என்ன செய்வது? மேல்பரப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு, சாயத்தைக் கனமாகப் பூசி, அதன்மேல் இயற்கைத் தோல் போன்ற ரேகைகளை அச்சடிக்கிறார்கள். முகத்தில் வடு உள்ளவர் பவுடர் பூசிக்கொள்வது போலத்தான். விலை இறங்கிவிடுகிறது. அந்த மாடு பட்ட ஒவ்வோர் அடிக்கும் இங்கே ஒரு நஷ்டக் கணக்கு இருக்கிறது.

"இந்த மாட்டை வளர்த்தவருக்கு இதெல்லாம் தெரியுமா, பாய்?"

பெரியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அவருக்கு எப்படித் தெரியும், தம்பி? அவர் மாட்டை இல்லே வித்தார்? தோலையா வித்தார்?"

வாசகர்களே, அந்த ஒரு கேள்விக்குள் முழு விஷயமும் இருக்கிறது. வளர்த்தவர் தரகருக்கு விற்கிறார். தரகர் மூலம் வியாபாரி வாங்குகிறார். வியாபாரி லாரி ஏற்றுகிறார். இறைச்சிக் கடைக்காரர் வாங்குகிறார். அவரிடமிருந்து தோல் சேகரிப்பவர் எடுத்து, உப்புப் போட்டு, சென்னைப் பெரியமேட்டைப் போன்ற மண்டிகளுக்கு அனுப்புகிறார். மண்டியிலிருந்து தொழிற்சாலைக்கு வருகிறது. அடிப்பது முதல் மூன்று கைகளில். நஷ்டம் தெரிவது கடைசிக் கையில். தழும்பில்லாமல் வளர்த்ததற்காக ஒரு சம்சாரிக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை. லாரியில் நெருக்கி ஏற்றியதற்காக ஒரு வியாபாரிக்கு ஒரு ரூபாய் குறைந்ததாகவும் கேள்விப்படவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை என்றால் பொய்கைச் சந்தை. ஆம்பூரிலிருந்து வேலூருக்குத் திரும்பும் வழியில், நெடுஞ்சாலையை ஒட்டியே பொய்கை இருக்கிறது. வட தமிழ்நாட்டின் பெரிய மாட்டுச் சந்தைகளில் ஒன்று. விடியும் முன்பே ஜனங்களும் மாடுகளும் கூடிவிடுகிறார்கள். டீக் கடைப் புகை ஒரு பக்கம், புதுக் கயிறும் சலங்கையும் விற்பவர் ஒரு பக்கம். வாயைத் திறந்து பல் பார்க்கிறார்கள். உடம்பைச் சுற்றி வந்து சுழி பார்க்கிறார்கள். துண்டுக்கு அடியில் இரண்டு கைகள் விரலால் விலை பேசுகின்றன. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் புரியாது. நான் அரைமணி நேரம் உற்றுப் பார்த்து, துண்டின் நிறத்தை மட்டும் தெரிந்துகொண்டேன்!

அங்கே ஒரு குடியானவர் பசு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயது அறுபது இருக்கும். பசுவுக்கும் அதன் கணக்கில் அத்தனை வயது இருக்கும். கறவை நின்றுவிட்டது, இரண்டு வருஷமாகச் சினை பிடிக்கவில்லை, தீவனம் விற்கும் விலையில் வைத்துக் காப்பாற்ற முடியவில்லை என்றார். பேரம் முடிந்தது. பணத்தை எண்ணி மடியில் கட்டிக்கொண்ட பிறகு, வாங்கியவரிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"ஓட்டிக்கிட்டுப் போறீங்களா, ஏத்திக்கிட்டுப் போறீங்களா?"

"ஏத்திக்கிட்டுத்தான்" என்றார் வியாபாரி.

குடியானவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுப்பது வழக்கமில்லை. தம்முடைய பழைய கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். வியாபாரி புதுக் கயிறு மாட்டினார். பசுவின் கழுத்தை ஒரு தடவை சொறிந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.

அந்தக் கேள்விக்கு நம் தேசத்தில் சட்டமே பதில் எழுதி வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் பின்னால் ஒரு தமிழ்நாட்டுப் பெண்மணியின் முயற்சியும் இருக்கிறது. அடையாறு கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-ல் டில்லி ராஜ்ய சபைக்கு நியமனம் பெற்றார். நடனக் கலைஞர் அங்கே போய் நாட்டியத்தைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. அவரோ பிராணிகளை வதைப்பதைத் தடுக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். சர்க்காரே அப்படியொரு சட்டம் செய்யும் என்று பிரதமர் நேரு உறுதி கூறிய பிறகு அதை வாபஸ் வாங்கிக்கொண்டார். 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் பிராணிகள் நல வாரியம் அமைந்தபோது அவரே அதன் முதல் தலைவர்.

அந்தச் சட்டத்தின் கீழ் 1978-ல் பிராணிகளை ஏற்றிச் செல்வதற்கான விதிகள் எழுதப்பட்டன. படித்துப் பார்த்தால் தாய் மனசோடு எழுதியிருப்பது போல் இருக்கிறது. ஒரு லாரியில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றக்கூடாது. மாடுகள் இஞ்சின் இருக்கும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் பிரேக் போடும்போது விழாது. அடித்தளம் வழுக்காமல் இருக்கக் கயிற்றுப் பாயோ பலகையோ போட வேண்டும். கூடவே ஓர் ஆள் போக வேண்டும். ஆடுகள் என்றால் ஒரு லாரிக்கு 40. அடியில் 5 சென்டிமீட்டர் கனத்துக்கு வைக்கோல். பிரயாணத்துக்குத் தகுந்த உடல்நிலை என்று கால்நடை டாக்டர் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். 2015-ல் மோட்டார் வாகன விதிகளிலும் ஒரு திருத்தம் வந்தது. லாரிக்குள் நிரந்தரத் தடுப்புகள் அமைத்து, ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர், ஓர் ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர் இடம் விட வேண்டும் என்று அளவே சொல்லிவிட்டார்கள்.

சட்டத்தைப் படித்துச் சந்தோஷப்பட்ட நான் அன்று மாலை நெடுஞ்சாலை ஓரத்தில் ஓரிடத்தில் டீ குடிக்க நின்றேன். பக்கத்தில் ஓர் ஆட்டு லாரி. நடுவில் பலகை அடித்து மாடியும் கீழுமாக இரண்டு தட்டு. எண்ணிப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டியபோது லாரியில் பாதிகூட முடியவில்லை. கீழ்த்தட்டில் ஓர் ஆடு படுத்துவிட்டது. மற்றவை அதன்மேல் நின்றன. நிற்பதற்கு அவற்றுக்கு வேறு இடம் இல்லை.

"நாற்பதுதானே ஏற்றலாம்?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நாற்பது ஆடு ஏத்தினா டீசலுக்கே கட்டாது, சார். வாடகையை நானா நிர்ணயம் பண்றேன்?" என்றார். படுத்திருந்த ஆட்டைப் பலகை இடுக்கு வழியாகக் கையை விட்டுத் தூக்கி நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை. அவரும் கெட்ட மனிதர் அல்ல என்பதுதான் எனக்கு அதிக வருத்தமாக இருந்தது.

'நான் சைவம், இதெல்லாம் எனக்கு எதற்கு?' என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொய்கைச் சந்தையில் நின்ற பசு பத்து வருஷம் யார் வீட்டுக் காப்பிக்குப் பால் கொடுத்ததோ? கறவை நின்ற மாட்டை வைத்துக் காப்பாற்றக் கட்டாத விலையில்தான் நாம் எல்லோரும் பால் வாங்குகிறோம். அதை லாரியில் ஏற்றியதில் நமக்கும் பங்கு இல்லை என்று சொல்வதற்கில்லை.

இறைச்சி வாங்குகிறவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. பிராணி இளைப்பாறி அமைதியாக இருந்தால் அதன் தசையில் ஒருவகைச் சர்க்கரைச் சத்து சேர்ந்திருக்கும். உயிர் போன பிறகு அது அமிலமாக மாறி இறைச்சியை மிருதுவாக வைக்கிறது. சீக்கிரம் கெடாமல் காக்கிறது. பட்டினியும் பயமும் நெருக்கடியுமாகப் பிரயாணம் செய்த பிராணியிடம் அந்தச் சத்து வழியிலேயே செலவாகிவிடுகிறது. இறைச்சி கறுத்து இறுகிப்போகிறது. விரைவில் கெட்டும் போகிறது. அடிபட்டு ரத்தம் கட்டிய இடங்களை வெட்டி எறிய வேண்டியிருக்கிறது. அதனால்தான் 2001-ல் வந்த இறைச்சிக் கூட விதிகள், வந்திறங்கிய பிராணிக்கு 24 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்கின்றன. ஒரு கால்நடை டாக்டர் மணிக்கு 12 பிராணிகளுக்கு மேல் பரிசோதிக்கக் கூடாது என்கின்றன. ஒன்றின் கண்ணெதிரே இன்னொன்றை வெட்டக் கூடாது என்றும் சொல்கின்றன.

ஆக, கருணை உள்ளவன் கேட்பதும், ருசி பார்ப்பவன் கேட்பதும், தோல் வியாபாரி கேட்பதும் ஒன்றேதான். இப்படி மூன்று பேரும் ஒத்துப்போவது உலகத்தில் அபூர்வம். அப்படியிருந்தும் காரியம் நடக்கவில்லை.

ஒரே ஒரு தடவை இந்தப் பிரதேசத்துக்குச் சரியான அதிர்ச்சி வந்தது. 2000-ஆம் வருஷத்தில் பீட்டா சங்கம், இந்தியாவில் மாடுகளை லாரிகளில் திணித்தும் வாலை முறுக்கியும் கொண்டுபோவதைப் படமெடுத்து உலகெங்கும் காட்டியது. அமெரிக்காவின் 'காப்' உள்ளிட்ட சில பெரிய கம்பெனிகள் இந்தியத் தோல் வேண்டாம் என்று அறிவித்தன. எங்கோ யாரோ மாட்டின் வாலை முறுக்கியதற்கு ஆம்பூரில் பூட்ஸ் தைக்கும் பெண் கவலைப்பட வேண்டியதாயிற்று! இப்போது வெளிநாட்டில் வாங்குகிறவர்களில் சிலர் தோல் எந்த இறைச்சிக் கூடத்திலிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் கேள்வி இறைச்சிக் கூடத்தோடு நின்றுவிடக் கூடாது. அந்த லாரி வரைக்கும், பொய்கைக் குடியானவரின் கயிறு வரைக்கும் போக வேண்டும்.

முடியாத காரியமா? திரும்பும் வழியில் ராணிப்பேட்டையைப் பாருங்கள். அங்கே 1932-லிருந்து சர்க்காரின் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் ராணிக்கெட் நோய்க்கு அங்கே தடுப்பூசி மருந்து செய்கிறார்கள். (ராணிக்கெட் என்பது இமயமலைப் பக்கத்து ஊர். பெயர்ப் பொருத்தத்தைப் பார்த்து ராணிப்பேட்டைமீது பழி போட்டுவிடாதீர்கள்!) ஆடுகளுக்கு வரும் அம்மைக்கும் தடுப்பூசி உண்டு. ஆட்டம்மை தோலில் வடு வைக்கும் நோய். ஊசி போட்டால் ஆடும் பிழைக்கிறது, தோலும் பிழைக்கிறது. ஒரு காலத்தில் கிராமம் கிராமமாக மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோய் 2011-ல் உலகத்தைவிட்டே ஒழிந்தது. கிராமம் கிராமமாக ஊசியைத் தூக்கிக்கொண்டு நடந்த கால்நடை ஊழியர்கள் செய்த காரியம் அது. அத்தனை பெரிய நோயை ஒழித்த நமக்கு ஒரு லாரியில் வைக்கோல் பரப்பத் தெரியாமலா போய்விடும்?

பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். சந்தை தோறும் லாரித் தட்டின் உயரத்துக்கு ஒரு மண்மேடு சரிவாகப் போட்டுவைத்தால், மாடு தானாக நடந்து ஏறும். வாலை முறுக்க வேண்டியதில்லை, குதித்துக் கால் ஒடிய வேண்டியதில்லை. ஒரு தொட்டித் தண்ணீர், ஒரு நிழல். இன்னொன்றும் உண்டு. இப்போது மாடுகளின் காதில் 12 இலக்க எண்ணுள்ள தோடு மாட்டுகிறார்கள். அந்த எண் தோலோடும் சேர்ந்து தொழிற்சாலை வரை வந்தால், தழும்பில்லாத தோலுக்கு உரிய கூடுதல் விலையில் ஒரு பங்கு வளர்த்தவரையும் பத்திரமாக ஏற்றி வந்தவரையும் தேடிப் போக முடியும். நாற்பது ஆட்டுக்கு டீசல் கட்டும்படி வாடகையும் கொடுக்க முடியும். நல்லபடி நடத்தினால் நாலு காசு வரும் என்று தெரிந்தால் தார்க்குச்சி தானாகக் கீழே விழும்.

மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணி கட்டியிருந்தான். கன்றை இழந்த பசு வந்து அதை இழுத்தது என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இந்தக் காலத்துப் பசுவுக்கு மணியும் இல்லை, வாசலும் இல்லை. தன் வழக்கைத் தன் தோலிலேயே எழுதிக்கொண்டு வந்து ஆம்பூர்ப் பெரியவரின் மேஜைமேல் படுத்துக்கொள்கிறது. அவர் ஒருவர் தினந்தோறும் படிக்கிறார்.

அடுத்த தடவை செருப்பு வாங்கும்போது, கடைக்காரரிடம் விலையைக் கேட்ட பிறகு, இந்தத் தோல் எங்கிருந்து வந்தது என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரிந்திருக்காது. அதனால் என்ன? பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆளுக்குப் பதில் சொல்வதற்காகவாவது அவர் விசாரிப்பார் அல்லவா?